யந்திரத்துக்கும் ஜுரம் உண்டு

அக்கினி நக்ஷத்திரம் பிறந்துவிட்டால் கடலூர்வாசிகளாகிய எங்களுக்குப் பேச்சுக்குப் பஞ்சமே இராது. "இன்றைக்கு எத்தனை டிகிரி?" என்று கேட்பதே குசல விசாரணையாகிவிடும். தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று பிற்பகலில் ஊருக்குள் வந்து சேருமா, சேராதா என்பதைப் பற்றிப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். காற்று வராத நாளில் வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டுவிடுவதும் உண்டு. நம்முடைய உஷ்ணத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம், வீட்டு மேஜையின் மீது சதா உழைத்துக்கொண்டிருக்கும் மற்றொரு பிராணியின் உஷ்ணத்தைப் பற்றி என்றைக்காவது விசாரித்ததுண்டா? பிராணி என்று நான் சொன்னது மடிக்கணினியைத்தான்.

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு நாள் மாலை, முன்பு என்னிடம் படித்த மாணவி ஒருத்தி தன் தாயாரையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். முதுநகரில் குடியிருப்பவர்கள். தாயார் தையல் யந்திரத்தை ஓட்டிக் குடும்பத்தையும் ஓட்டுகிறவர். பெண், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். காலையில் கடலூர்த் துறைமுகச் சந்திப்பில் ரயிலேறி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நிலையங்களை எண்ணிக்கொண்டே சிதம்பரம் போவாள். மாலையில் அதே வழியாகத் திரும்புவாள். புஸ்தகங்களோடு மடிக்கணினியும் அவளுடன் தினந்தோறும் பிரயாணம் செய்யும். 2018-ஆம் ஆண்டில் அவளுடைய தமையன் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கணினி அது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கிய அந்தத் திட்டத்தினால்தான் தமிழ்நாட்டில் லக்ஷக்கணக்கான வீடுகளுக்குள் முதன்முதலாகக் கணினி அடியெடுத்து வைத்தது என்பதை நேயர்கள் அறிவார்கள்.

தாயார் விஷயத்தைச் சொன்னார்: "வாத்தியாரையா, இந்தப் பெட்டி பாதி எழுத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது. கடைக்காரரிடம் காட்டினோம். உள்ளே மதர்போர்டு போய்விட்டது, மாற்றுவதற்கு 9,000 ரூபாய் ஆகும், அதைவிடப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடுங்கள் என்கிறார். என் காதுத் தோட்டை வைத்தால் பணம் கிடைக்கும். வைக்கலாமா, வேண்டாமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் பன்னிரண்டு நாட்களே இருந்தன. அதில் கடைசி இரண்டு அத்தியாயங்களை எழுதி முடித்தாக வேண்டும்.

"கடைக்காரர் இதற்கு ஜுரம் எத்தனை என்று பார்த்தாரா?" என்று கேட்டேன்.

இருவரும் என்னைச் சற்று அனுதாபத்தோடு பார்த்தார்கள். கோடை வெயில் வாத்தியாரையும் விட்டுவைக்கவில்லை போலும் என்று நினைத்திருக்கலாம். பிறகு பெண் சொன்னாள்: "கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடாகத்தான் இருக்கிறது என்றார், சார்."

நெற்றியைத் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் ரண சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் வைத்தியரை நாம் நம்புவோமா? நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்த பிறகே மருந்தைப் பற்றி யோசிக்கச் சொன்னவர் வள்ளுவர். யந்திர வைத்தியத்துக்கும் அந்த விதி பொருந்தும். கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அளக்காமல் சொன்னார், அவ்வளவுதான்.

* * *

மடிக்கணினி ஏன் சூடாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். அதற்குள் பிராஸஸர் என்று ஒரு சில்லு உண்டு. கணக்கு, எழுத்து, படம், பாட்டு ஆகிய சகல காரியங்களையும் அதுதான் செய்கிறது. அந்தச் சில்லுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய மின் பொத்தான்கள் ஒரு விநாடிக்குள் பல கோடி தடவை திறந்து மூடுகின்றன. இதற்காக அது வாங்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் கடைசியில் உஷ்ணமாகவே மாறுகிறது.

எவ்வளவு உஷ்ணம்? வீட்டில் துணி தேய்க்கும் மின்சார இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1,000 வாட் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அடித்தட்டின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர ஸெண்டிமீட்டர். ஆகவே ஒரு சதுர ஸெண்டிமீட்டருக்கு 5 வாட். சாதாரண மடிக்கணினியின் பிராஸஸர் நிதானமாக வேலை செய்யும்போது 15 வாட்தான் வாங்கும். ஆனால் அந்தச் சில்லின் பரப்போ விரல் நகத்தின் அளவுதான். ஒன்று அல்லது ஒன்றரைச் சதுர ஸெண்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், இஸ்திரிப் பெட்டியைவிட இரண்டு மூன்று மடங்கு நெருக்கமாக அந்தச் சிறு இடத்தில் உஷ்ணம் பிறக்கிறது என்பது விளங்கும். இந்த உஷ்ணத்தை உடனுக்குடன் வெளியே கொண்டுபோகாவிட்டால் யந்திரத்தின் கதி என்னவாகும்?

நம் ஜில்லாவில் நெய்வேலிக்குப் போய்வந்தவர்கள், அனல் மின் நிலையத்தில் அகன்ற அடியும் குறுகிய இடையுமாக வானளாவ நிற்கும் கோபுரங்களைப் பார்த்திருப்பார்கள். புகைபோக்கிகள் என்று பலர் அவற்றைத் தவறாக நினைக்கிறார்கள். அவை நீரைக் குளிர்விக்கும் கோபுரங்கள். உஷ்ணத்தை உண்டாக்குவதற்கென்றே ஏற்பட்ட இடத்திலுங்கூட, மிஞ்சிய உஷ்ணத்தை வெளியேற்றுவதற்கு அத்தனை பெரிய ஏற்பாடு வேண்டியிருக்கிறது. மடிக்கணினிக்குள்ளும் சிறிய அளவில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. சில்லின் முதுகில் ஒரு பசை தடவி, அதன்மேல் தாமிரத் தகடு ஒன்றை வைத்திருப்பார்கள். தகட்டிலிருந்து தட்டையான தாமிரக் குழாய் ஒன்று புறப்படும். அதற்குள் மிகச் சிறிதளவு நீர் இருக்கும். சில்லின் பக்கம் அந்த நீர் ஆவியாகும்; மறுபக்கம் போய்க் குளிர்ந்து மீண்டும் நீராகித் திரும்பும். மறுபக்கத்தில் மெல்லிய உலோக இதழ்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு சிறு விசிறி அவற்றினூடே காற்றை ஊதி, உஷ்ணத்தை வெளியே தள்ளும். பசை, தகடு, குழாய், இதழ், விசிறி ஆகிய இந்த ஐவரில் ஒருவர் வேலைநிறுத்தம் செய்தாலும் ஜுரம் ஏறும்.

இந்தத் தொல்லை புதிதன்று. 1946-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகத்துக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணினியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அது 150 கிலோவாட் மின்சாரத்தை விழுங்கியது. அதைக் குளிர்விக்கத் தனியாகப் பெரிய காற்றூதிகளை வைத்திருந்தார்கள். 1971-ல் வெளிவந்த இன்டெல் கம்பெனியின் முதல் பிராஸஸரில் 2,300 டிரான்ஸிஸ்டர்கள்தான் இருந்தன. அதற்கு விசிறியே தேவைப்படவில்லை. பிறகு வருஷந்தோறும் வேகமும் உஷ்ணமும் போட்டி போட்டுக்கொண்டு ஏறின. 2004-ல் அதே கம்பெனி, வேகத்தை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போகும் தன் திட்டத்தைக் கைவிட்டு, ஒரே சில்லில் பல மூளைகளை வைக்கும் வழிக்குத் திரும்பியது. அதற்கு முக்கிய காரணம் உஷ்ணந்தான்.

* * *

இனி, ஜுரம் பார்க்கும் விஷயத்துக்கு வருவோம். இதற்காகத் தெர்மாமீட்டர் வாங்க வேண்டியதில்லை. பிராஸஸருக்குள்ளேயே உஷ்ணமானிகள் பொதித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவை இடைவிடாமல் அளந்துகொண்டுதான் இருக்கின்றன. கேட்பவர் இல்லாததால் பதில் சொல்லாமல் இருக்கின்றன. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கோர் டெம்ப், எச்.டபிள்யு.இன்ஃபோ போன்ற இலவச நிரல்களில் ஒன்றை, அதை உண்டாக்கியவர்களின் சொந்த இடத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 'சென்ஸார்ஸ்' என்ற ஒரே கட்டளை போதும். திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் அரசாங்கம் கொடுத்த கணினிகளில், நம் நாட்டு ஸி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்தே பார்க்காமல் விட்டவர்கள்தான் அதிகம் என்பது வேறு கதை.

நிரலைத் திறந்ததும் பிராஸஸரின் ஒவ்வொரு மூளைக்கும் எதிரே ஓர் எண் தோன்றும். அது ஸெல்ஷியஸ் டிகிரி. மூன்று நிலைகளில் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, கணினியைத் திறந்து ஒன்றும் செய்யாமல் பத்து நிமிஷம் விட்ட பிறகு. இரண்டாவது, வழக்கமான வேலையைப் பத்து நிமிஷம் செய்த பிறகு. மூன்றாவது, கடினமான வேலையைச் செய்யும்போது. இவற்றோடு அறையின் உஷ்ணத்தையும் எழுதிவைப்பது அவசியம். ஏனென்றால், சில்லின் ஜுரம் என்பது அறையின் உஷ்ணமும் சில்லின் சொந்த உஷ்ணமும் சேர்ந்த தொகை. மார்கழியில் 24 டிகிரி அறையில் 65 காட்டிய கணினி, வைகாசியில் 34 டிகிரி அறையில் 75 காட்டினால் அதற்கு வியாதி ஒன்றுமில்லை; பருவந்தான் மாறியிருக்கிறது.

எந்த எண்ணுக்குப் பயப்பட வேண்டும்? சும்மா இருக்கும்போது 40 முதல் 55 வரையில், நம் ஊர்க் கோடையில் 60 வரையிலுங்கூட, கவலைக்கு இடமில்லை. வேலை செய்யும்போது 65 முதல் 85 வரையில் சகஜம். 90-க்கு மேல் ஏறி அங்கேயே நின்றுவிட்டால் கவனிக்க வேண்டும். பெரும்பாலான மடிக்கணினிச் சில்லுகளுக்கு 95-க்கும் 105-க்கும் இடையில் எங்கேயோ ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத் தொட்டதும் பிராஸஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் ஜுரம் தணியாவிட்டால், எரிந்துபோவதைவிட உறங்கிப்போவது மேல் என்று தீர்மானித்துச் சட்டென்று அணைந்துவிடும். "பாதி எழுத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது" என்று அந்தத் தாயார் சொன்னது இதைத்தான். அது மரணமன்று, தற்காப்பு.

இதில் மற்றொரு முக்கியமான விஷயமும் அடங்கியிருக்கிறது. "கணினி பழசாகிவிட்டது, ஆமை வேகத்தில் போகிறது" என்று நாம் ஒதுக்கிவைக்கும் யந்திரங்களில் பலவற்றுக்கு வயோதிகம் காரணமன்று, ஜுரந்தான் காரணம். சூடு தாளாமல் அது மெதுவாக நடக்கிறது. நாமோ அதைக் கிழடு என்று தள்ளிவிட்டுப் புதிதுக்குக் கடன் வாங்கப் போகிறோம்.

* * *

என் மாணவியின் கணினியை மரமேஜையின்மீது வைத்து அளந்தோம். அறையில் 34 டிகிரி. சும்மா இருக்கும்போதே 68 காட்டியது. ஆய்வேட்டையும், கூடவே இணையத்தில் சில பக்கங்களையும் திறந்தாள். நான்கு நிமிஷத்துக்குள் 97 ஆயிற்று. பிறகு 99. பிறகு 101. படம் அணைந்தது. தாயார், "ஐயோ, போய்விட்டதே!" என்றார். "போகவில்லை, அம்மா. இப்போதுதான் அது வாய் திறந்து தன் நோயைச் சொல்லியிருக்கிறது" என்றேன்.

மறுநாள் வேறொரு பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய், பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னோம். விசிறிக்கும் உலோக இதழ்களுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒன்று படிந்திருந்தது. ஏழு வருஷத்துத் தூசி! கடலோர ஊரில் உப்பு ஈரம் கலந்த காற்று அடிப்பதால், தூசி உதிர்ந்துவிடாமல் அப்பம் போல ஒட்டிக்கொள்கிறது. தையற்காரர் வீடாகையால் நூற் பிசிறும் அதில் சேர்ந்திருந்தது. சில்லின்மேல் இருந்த பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. தூசியைத் துடைத்து, புதுப் பசை தடவி, மூடித் தந்தார். கூலி 600 ரூபாய். வீட்டுக்கு வந்து அளந்தோம். அதே அறை, அதே வேலை. சும்மா இருக்கும்போது 52. வேலை செய்யும்போது 76.

தோடு காதிலேயே இருந்தது.

அப்போது அந்த அம்மாள் சொன்னதை நான் மறக்கவில்லை: "என் தையல் மிஷினுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் தூசி தட்டி எண்ணெய் விடுகிறேன், வாத்தியாரையா. இதற்கும் அப்படி ஒன்று உண்டென்று யாரும் சொல்லவில்லையே!"

வாஸ்தவந்தான். கொடுத்தவர்கள் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடம் நடத்துகிற நாங்களும் சொல்லவில்லை. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டென்று ஒப்புக்கொள்கிறேன்.

* * *

நேயர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய சிகிச்சைகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆசனம். மெத்தை, தலையணை, மடி மூன்றும் மடிக்கணினிக்கு ஆகாதவை. பெயரில் மடி இருக்கிறதென்று மடியில் வைத்துக்கொண்டால், அடியிலிருக்கும் காற்றுத் துவாரங்கள் அடைபடும். மரப்பலகை அல்லது மேஜைதான் உத்தமம். பின்புறத்தின் இரு மூலைகளிலும் புட்டி மூடி அளவு முட்டுக் கொடுத்துச் சற்று உயர்த்தினால் காற்று தாராளமாகப் போகும். சில டிகிரி இறங்குவதை நீங்களே அளந்து பார்க்கலாம்.

இரண்டாவது, பையில் போடுமுன் முழுவதும் அணைத்துவிடுங்கள். மூடியைச் சாத்தினால் உறங்கிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். சில கணினிகள் விழித்துக்கொண்டே இருக்கும். ரயிலில் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் பைக்குள்ளே அடுப்பு மூட்டியது போல ஆகிவிடும். என் மாணவியின் வழக்கமும் இதுவாகத்தான் இருந்தது.

மூன்றாவது, யார் வேலை வாங்குகிறார்கள் என்று பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மானேஜரைத் திறந்தால் எந்த நிரல் பிராஸஸரை எவ்வளவு வேலை வாங்குகிறது என்று வரிசையாகத் தெரியும். நாம் அழைக்காத விருந்தாளிகள் சிலர் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

நான்காவது, வேகத்துக்குச் சிறிது கடிவாளம். மின்சார அமைப்புகளுக்குள் பிராஸஸரின் உச்ச நிலை என்று ஓர் எண் இருக்கும். வழக்கமாக 100 சதவீதம். அதை 99 ஆக்கினால் பல கணினிகளில் திடீரென்று பாயும் அதிவேகம் நின்றுவிடும். ஒரு சதவீதத்தினால் என்ன லாபம் என்று கேட்கலாம். உஷ்ணம், வேகத்தை ஒட்டி மட்டும் அல்லாமல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டியும் ஏறுகிறது. வேகமும் அழுத்தமும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு குறைந்தால், உஷ்ணம் நூற்றுக்கு 27 பங்கு குறையும். பாய்ச்சலை நிறுத்துவதால் கிடைக்கும் லாபம் இப்படிப்பட்டது. கட்டுரை எழுதுகிறவருக்கு வேகக் குறைவு தெரியவே தெரியாது. எங்கள் கணினி இதன் பிறகு 69-ல் நின்றது.

ஐந்தாவது, தூசி. கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிய பிறகு, மெல்லிய தூரிகையால் துவாரங்களைத் துடைக்கலாம். காற்று ஊதுவதானால் விசிறி சுழலாதபடி ஒரு பல்குத்தும் குச்சியால் நிறுத்திக்கொள்ள வேண்டும். உள்ளே திறப்பதும் பசை மாற்றுவதும் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

செய்யக் கூடாதவையும் உண்டு. ஈரத் துணி போர்த்துவது, குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது முதலிய பாட்டி வைத்தியம் வேண்டாம். உள்ளே நீர்த்துளி கோத்துக்கொள்ளும். "ஒரே நொடியில் கணினியைக் குளிரச் செய்வோம்" என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். அடிப்பாகம் உப்பியிருந்தால், அது பாட்டரியின் கோளாறு. மின்சாரம் ஏற்றாமல், உபயோகிக்காமல், உடனே தெரிந்தவரிடம் காட்டுங்கள். இன்னொன்று: நாழிகைக்கு நாழிகை எண்ணைப் பார்த்து மனத்தை வருத்திக்கொள்வதும் வியாதிதான். மாதம் ஒரு தடவை போதும்.

* * *

யந்திரங்களை எதிர்த்தவர் என்று பெயரெடுத்த காந்தியடிகள், 1924-ல் தம்மைக் கேள்வி கேட்ட ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, ஸிங்கர் தையல் யந்திரத்தை விதிவிலக்காக ஏற்றுக்கொண்டார். மனைவியின் கஷ்டத்தைப் பார்த்து இரங்கிய ஒருவரின் அன்பில் பிறந்தது அது என்பது அவர் கருத்து. மனிதன் யந்திரத்துக்கு எஜமானனாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய கவலை. தன் யந்திரத்துக்கு என்ன நோய் என்று தெரியாமல், பிறர் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவன் எப்படி எஜமானன் ஆவான்?

2018-ல் சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் சக்தி என்று பெயரிட்ட பிராஸஸரைத் தாமே வரைந்து, அதில் லினக்ஸை ஓட்டிக் காட்டினார்கள். நாம் பெருமைப்பட வேண்டிய காரியம். ஆயினும், இன்று நம் வீடுகளில் உழைக்கும் சில்லுகள் அநேகமாக எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவையே. ஐந்து வருஷம் உழைக்கக்கூடியதை மூன்றாம் வருஷமே குப்பையில் போட்டால், வீட்டுப் பணமும் தேசத்துப் பணமும் சேர்ந்தே போகின்றன. புதிதாகச் செய்வது ஒரு ஸ்வதேசி என்றால், இருப்பதைப் பேணுவது மற்றொரு ஸ்வதேசி.

ஆகையால் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மடிக்கணினியின் ஜுரத்தைப் பாருங்கள். அறையின் உஷ்ணத்தோடு, தேதி போட்டு, பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஒரு பக்கத்தில் குறித்துவையுங்கள். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோகும் நாளில், "முன்பு எத்தனை டிகிரி, இப்போது எத்தனை டிகிரி?" என்று கேளுங்கள். நல்ல தொழிலாளி அந்தக் கேள்வியால் சந்தோஷப்படுவார்.

என் மாணவி, குறித்த நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள். அவளுடைய வீட்டில் இப்போது வெள்ளிக்கிழமைகளில் இரண்டு யந்திரங்களுக்குத் தூசி தட்டுகிறார்களாம்.